காய்ச்சல் விட்ட காலை

இரண்டாயிரத்து ஒன்றில், வவுனியாவில், என்னைப் போன்ற ஆய்வுகூடத்து ஆட்களுக்கு இரண்டு நாள் வகுப்பு ஒன்று வைத்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் ஒரு உறையைக் கிழித்து, தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான வெள்ளைத் தகடு ஒன்றை மேசையில் வைத்தார். அதன் குழியில் ஒரு சொட்டு இரத்தம் விட்டார், மேலே இரண்டு சொட்டு மருந்து விட்டார், பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார். கால் மணித்தியாலத்தில் அதில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் டெங்கு இல்லை. பக்கத்தில் இன்னொரு கோடும் தெரிந்தால் டெங்கு.

"இதுக்கு முதல் ஆராவது டெங்கு கண்டுபிடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

நான் கையை உயர்த்தினேன்.

"என்ன முறையில?"

"கையால சுத்தி, சேர்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அன்று எப்படியோ அடக்கிக்கொண்டேன். சிரித்தவர்களுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். தற்பெருமை என்று யாருக்காவது பட்டால் படட்டும். பெருமைப்பட என் வாழ்க்கையில் நிறைய இல்லை. இருப்பதை ஏன் ஒளிக்க வேண்டும்?

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரிகாலம். புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்ப்பது என் வேலை. ஒரு டொக்டர், நோயாளரைப் பராமரிக்க இரண்டு மிஸிமார், நோயாளர் படுக்க இரண்டு வாட்டு, ஒரு மூலையில் என் அறை. கரண்ட் கிடையாது. என் மைக்ரோஸ்கோப் யன்னலோரம் இருந்தது. அதன் கீழே உள்ள சிறு கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். முகில் கட்டினால் வேலை நின்றுவிடும். அப்போது நான் வானத்தைப் பார்த்துத் திட்டுவேன். வெளியே வாங்குப் பலகையில் காத்திருக்கும் நோயாளிகள் என்னைப் பார்த்துத் திட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றாலே மலேரியாதான். நடுங்கிக்கொண்டு வருகிறவரின் விரலில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயம் போட்டு, கிருமியைத் தேடுவேன். என் கண்ணுக்குத் தப்பிய கிருமி குறைவு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேறு ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொல்லி அனுப்பிய சிலைடுகளிலும் நான் தேடிக் கண்டிருக்கிறேன்.

ஆனால் நான் "இருக்கு" என்றால்தான் எனக்கு மதிப்பு. "இல்லை" என்றால் ஒருவருக்கும் பிடிக்காது. "அப்ப நான் பொய்க்கு நடுங்கிறனோ மிஸ்?" என்று சண்டைக்கு வருவார்கள். இன்னொரு தரம் வடிவாகப் பார்க்கச் சொல்லிப் பேரம் பேசுவார்கள். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், எங்கள் சனங்கள் ஒவ்வொரு வீட்டிலும் மலேரியா மாத்திரையை, எங்கள் பேச்சில் குளிசையை, பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். முதல் தரம் கொடுத்ததில் மிச்சம் பிடித்து, கடதாசியில் சுற்றி, தகரப் பேணிக்குள் போட்டு வைப்பது. சண்டையால் மருந்து எப்போது வரும், எப்போது வராது என்று தெரியாத காலம். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. குளிர் தொடங்கியதும் இரண்டு குளிசையைப் போட்டுவிட்டு, அடுத்த நாள் என்னிடம் விரலை நீட்டுவார்கள். கிருமி அரைகுறையாய்ச் செத்து, கண்ணில் படாது. ஆகவே நான் "இல்லை" என்று எழுதி அனுப்பினால், டொக்டர் தலை நிமிராமலே சொல்லுவார்: "குளிசை போட்டிட்டு வந்திருக்குங்கள். உள்ளுக்கு மறைஞ்சு நிக்குது." மலேரியா மருந்தையே எழுதுவார்.

பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதனால் என் "இல்லை"க்கு ஒரு சதப் பெறுமதியும் இருக்கவில்லை.

அப்படி ஒரு "இல்லை"யோடு வந்தவள்தான் அந்தச் சிறுமி. எட்டு வயது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் கரைவலை இழுப்பவர். அந்த வருடம் மூன்று தரம் மலேரியா வந்து, மூன்று தரமும் நானே அவளுக்குக் குத்தியிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் கையைப் பின்னால் ஒளிப்பார்கள். இவள் வந்ததும் விரல்களை எண்ணிப் பார்த்து, "இது போனமுறை குத்தினது மிஸ், இந்த விரலில குத்துங்கோ" என்று தானே ஒன்றைத் தெரிந்து நீட்டுவாள். எனக்கு அவளில் ஒரு தனி விருப்பம்.

இந்தமுறை நாலு நாளாகக் கடும் காய்ச்சல். தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, சாப்பிட்டதெல்லாம் சத்தி. வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்திருந்தார்கள். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாள்களில் சிலைட் பார்த்தேன். மூன்றிலும் இல்லை. தாய் வீட்டிலேயே குளிசை கொடுத்திருந்தாள். டொக்டர் வழக்கமான பதிலைச் சொன்னார், நானும் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை வாட்டுக்குப் போனபோது தாய் சிரித்த முகத்தோடு பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். துணிமணியெல்லாம் பையில் அடுக்கியாயிற்று. தகப்பனும், தாயின் தமையன்மார் இருவரும் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிப் போக வந்து வெளியே நின்றார்கள்.

"காச்சல் விட்டிட்டுது அக்கா. விடியப்புறம் நல்லா வேர்த்துக் கொட்டினது. குளிசை வேலை செய்திட்டுது. வீட்டை கொண்டு போகப் போறம்" என்றாள்.

"சந்தோசம் தங்கச்சி. போக முதல் கடைசியா ஒருக்காக் குத்திப் பாக்கிறன்" என்றேன்.

பிள்ளை விரலைத் தெரிந்து தரவில்லை. நானே பிடித்து எடுத்தேன். கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. குத்தினேன். அந்தப் பிள்ளைக்கு எப்போதும் விரலைப் பிசைந்தால்தான் ஒரு சொட்டு வரும். அன்று பிசையாமலே வந்தது. பஞ்சை வைத்து அழுத்தினேன்; பஞ்சு நனைந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் நனைந்தது. நான் குத்திய விரல்களை எண்ணத் தொடங்கினால் முடிவே இராது, ஆனால் இப்படி நிற்காமல் வந்த விரல் அதற்கு முன் என் கையில் இருந்ததில்லை.

அறைக்கு ஓடி வந்து சாயம் போட்டுப் பார்த்தேன். நல்லகாலம், வெயில் இருந்தது. கிருமி இல்லை. திரும்ப முதலில் இருந்து பார்த்தேன். இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் இல்லாதது தெரிந்தது. சாதாரண இரத்தத்தில் செங்கலங்கள் எனும் சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதாநிறப் பொடிபோலச் சிறுசிறு துணிக்கைகள் சிதறிக் கிடக்கும். இரத்தம் உறைவதற்கு உதவுபவை அவைதான். மலேரியா தேடும் கண்ணுக்கு அவை குப்பை. விலக்கி விலக்கிப் பார்த்து, கடைசியில் அவை கண்ணில் படுவதே நின்றுவிடும். அன்று முதன்முதலாக அந்தக் குப்பையைத் தேடினேன். கண்ணாடித் துண்டு முழுக்கத் தேடி இரண்டோ மூன்றோதான் கண்டேன்.

படிக்கிற காலத்தில் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சிக்கு நின்றிருக்கிறேன். அங்கே டெங்குப் பிள்ளைகளின் வாட்டுக்கு இரத்தம் எடுக்கப் போவோம். அங்கிருந்த ஒரு மிஸி, காய்ச்சல் காய்கிற பிள்ளையைவிடக் காய்ச்சல் விட்ட பிள்ளையைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கும் என்பார். இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும், இரத்தம் தடிக்கும், பிள்ளை குளிர்ந்து போகும். பார்த்தால் சுகம் வந்ததுபோல் இருக்கும்.

நான் திரும்ப வாட்டுக்கு ஓடினேன். "தங்கச்சி, அண்மையில வெளியில எங்கயாவது போனனியளோ?"

"பயணப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய் வந்தனாங்கள். வந்து ஒரு கிழமைதான்." டெங்கு நகரத்துக் காய்ச்சல் என்றுதான் அப்போது நாங்கள் நினைத்திருந்தோம்; அங்கே தொற்றியிருந்தால் நாள் கணக்கும் சரியாக வந்தது.

எங்கள் டொக்டர் ஐம்பது கடந்தவர், அந்தப் பகுதி முழுக்க ஒற்றை ஆளாய்ப் பார்த்துக் களைத்தவர். அவர் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போக விடவில்லை. அதுவரைக்கும் நல்லது. ஆனால் மிஸியிடம் குயினைன் ஊசி மருந்தை எடுக்கச் சொன்னார்.

"மூளைக்கு ஏறப் போகுது. குயினைன் ஏத்துவம்."

"டொக்டர், இது மலேரியா இல்லை."

"குளிசை போட்டிருக்குப் பிள்ளை. மறைஞ்சு..."

"மறைஞ்சு நிக்கேல்லை, டொக்டர். இல்லை. நாலு சிலைட் பாத்திட்டன். இது டெங்கு. குயினைன் போட்டால் பிறசர் இன்னும் விழும். சேலைன் ஏத்த வேணும்."

இரத்தம் பார்ப்பவள் டொக்டரை மறித்துப் பேசுவது எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்ததில்லை. என் குரலும் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று பிறகு மிஸி சொன்னார். உயர்ந்திருக்கும்.

"என்னட்டை நாலு போத்தில் சேலைன்தான் கிடக்கு" என்றார் டொக்டர். அவர் கத்தவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "மற்ற வாட்டில ரெண்டு பேர் பிள்ளைப்பேறுக்கு வந்து கிடக்கினம். உம்மட கதையை நம்பி இஞ்சை ஊத்திப் போட்டு, அங்கை ஒருத்திக்கு இரத்தம் போனால் நான் என்ன செய்யிறது? சொல்லும்."

நான் கட்டிலடியை விட்டு நகரவில்லை.

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, பிறசர் பார்க்கும் பட்டியைப் பிள்ளையின் மேல்கையில் கட்டினார். காற்றடித்து, ஐந்து நிமிடம் இறுக்கமாக விட்டுவிட்டுக் கழற்றினார். முழங்கைக்குக் கீழே தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தன. ஒரு அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை என்று கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்து எண்ணினார். இருபது கடந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"மலேரியாவிலயும் இப்பிடி வரலாம்" என்றார். குரலில் முந்திய உறுதி இல்லை. "எனக்கு ஒரு இலக்கம் தாரும். இரத்தம் தடிச்சிருக்கு எண்டதுக்கு ஒரு இலக்கம். அதுக்குப் பிறகு போத்திலை உடைக்கிறன். அரை மணித்தியாலம்."

இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளக்க வழி இருந்தது. நூறு கோடு கீறிய ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிரப்பி, மிசினில் வைத்து வேகமாகச் சுற்றினால் செங்கலங்கள் அடியில் படியும், நீர்ப்பகுதி மேலே நிற்கும். நூறில் எத்தனையாம் கோடு வரைக்கும் சிவப்பு என்று பார்க்க வேண்டியதுதான். கொழும்பில் மின்சார மிசின் தானே சுற்றும். என்னிடம் இருந்தது மேசை விளிம்பில் பூட்டி, கைபிடியைப் பிடித்துச் சுற்றும் பழைய மிசின். சிறுநீர்ப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நிமிடம் சுற்றுவேன், தோள் கழன்றுவிடும். இதற்கோ அரை மணித்தியாலம், ஒரே வேகத்தில், நடுவில் ஒரு கணமும் தளராமல் சுற்ற வேண்டும். தளர்ந்தால் படிந்தது கலங்கிவிடும்.

வெளியே நின்ற தகப்பனைக் கூப்பிட்டேன். "அண்ணை, நீங்கள் மூண்டு பேரும் கை கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

மிசினில் ஒரு பக்கம் குழாய் வைத்தால் எதிர்ப்பக்கம் அதே பாரம் வேண்டும். மகளின் குழாய்க்கு எதிரே தகப்பனின் இரத்தத்தை வைக்கலாம் என்று முடிவெடுத்தேன். சுகமான ஒருவரின் அளவு பக்கத்தில் இருந்தால், நாங்கள் சரியாகச் சுற்றினோமா என்றும் தெரிந்துவிடும். அவர் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, "எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ மிஸ்" என்று கையை நீட்டினார். ஒரு தேக்கரண்டி போதும் என்றதும் அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

தகப்பன்தான் முதலில் கைபிடியைப் பிடித்தார். மனதில் இருந்த பயமெல்லாம் கையில் இறங்கி, மேசையே ஆடத் தொடங்கியது. குழாய் உடைந்துவிடும் என்று நான் கத்தினேன். அப்போது மூத்த மைத்துனர் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "மச்சான், கோவத்தில இழுக்காதை. கயித்தில நிக்கிறமாதிரி நில்."

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கரைவலை இழுப்பவர்கள் கடலுக்கு ஒரு அங்குலம் கயிற்றையும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒருவன் களைத்தால், அடுத்தவன் கை கயிற்றில் இறுகிய பிறகுதான் முந்தியவன் கையை எடுப்பான். அந்த மூன்று பேரும் என் மிசினில் அதையே செய்தார்கள். சுற்றும் கைபிடியின் மேல் இன்னொரு கை வந்து சேரும், இரண்டு கைகளும் நாலைந்து சுற்று ஒன்றாகப் போகும், பிறகு ஒன்று கழன்றுவிடும். வேகம் ஒரு துளி குறையாது. இளையவர் இழுவைக்குச் சொல்லும் அம்பாப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்து வேகத்தைப் பிடித்துக்கொண்டார். நான் டொக்டரிடம் வாங்கிய மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படித்த எந்த ஆய்வுகூடத்திலும் அப்படி ஒரு சீரான சுற்றை நான் கண்டதில்லை.

முப்பதாவது நிமிடம் மெல்ல மெல்ல நிற்பாட்டினார்கள். குழாய்களை யன்னலில் தூக்கிப் பிடித்தேன். தகப்பன் நாற்பத்திரண்டு. சரியான சுற்றுத்தான். மகள் முப்பத்தாறு.

டொக்டர் தானும் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "முப்பத்தாறு. நல்ல இரத்தம். எங்கட பிள்ளையளில இப்பிடி ஒண்டை நான் இந்த வருசம் காணேல்லை."

வாசலில் நின்ற தாய் "மாதாவே" என்று கையைக் கூப்பினாள். தகப்பனும் மைத்துனர்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாருக்கும் சந்தோசம். புத்தகத்தில் பார்த்தாலும் அந்த இலக்கத்தில் ஒரு பிழையும் இல்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கு முப்பத்தாறு நல்ல இலக்கம்தான்.

கொழும்புப் பிள்ளைக்கு நல்லது. எங்கள் பிள்ளைக்கு?

நான் அலுமாரியைத் திறந்து என் பதிவுக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். ஒரு மாதத்துக்கு முன், மூன்றாவது மலேரியா முடிந்த கையோடு, பிள்ளை வெளிறிக் கிடக்கிறாள் என்று டொக்டரே அவளின் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார். இரத்தத்தின் சிவப்புச் சத்து ஒன்பது கிராம் என்று என் கையால் எழுதியிருந்தது. அதைச் சுமாராக மூன்றால் பெருக்கினால் குழாயில் நிற்க வேண்டிய அளவு வரும். இருபத்தேழு.

கொப்பியை அவர் முன்னால் விரித்து வைத்தேன். "போன மாசம் இருபத்தேழு, டொக்டர். இண்டைக்கு முப்பத்தாறு. ஒரு மாசத்தில இவ்வளவு இரத்தம் ஊற இவள் என்ன திண்டவள்? ஈரலோ, முட்டையோ? மரவள்ளிக்கிழங்கும் சொதியும் திண்ட பிள்ளை. மலேரியா எண்டால் இரத்தம் இன்னும் இறங்கியிருக்க வேணும். இது கூடின இரத்தம் இல்லை, ஐயா. தண்ணி ஒழுகிப் போயிட்டுது. மிச்சம்தான் இது."

டொக்டர் கொப்பியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், திரும்பக் கொப்பியைப் பார்த்தார். பிறகு மிஸியின் கையில் இருந்த குயினைனை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சேலைன் கொண்டாங்கோ" என்றார்.

முதல் போத்தல் ஏறத் தொடங்கியபோது பத்தரை மணி இருக்கும். நான் பெரிய வீராங்கனைபோலப் பேசிவிட்டேன், ஆனால் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் மிச்சப் போத்தல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பிழையென்றால் நட்டம் ஒரு போத்தலோடு போகாது. மற்ற வாட்டில் கிடந்த இரண்டு பெண்களின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டு மணிக்கு மறுபடி இரத்தம் எடுத்துச் சுற்றினோம். முப்பத்தெட்டு. ஏறிவிட்டது. பிள்ளை கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டு கிடந்தாள்; மணிக்கட்டில் நாடி நூலாய் ஓடியது. தாய் இந்தமுறை இலக்கம் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

டொக்டர் என்னிடம் சொன்னார்: "மருந்து ஏறவும் இது ஏறுது எண்டால், ஒழுகுது. நீர் சொன்னது சரி." அந்த நேரத்தில் அதைச் சரி என்று கேட்க எனக்கு ஒரு விருப்பமும் இருக்கவில்லை. அவர் கட்டிலின் விளிம்பில் இருந்து, தன் கையாலேயே வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது போத்தல் போட்டார்.

அதற்குள் கடற்கரையில் செய்தி பரவி, இன்னும் ஐந்தாறு ஆண்கள் வந்து வாங்கில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கூப்பிடுவேன் என்று காத்திருந்தார்கள். வழக்கமாக அந்த வாங்கில் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று சொன்னேனே. அன்று நான் வாசலில் தலை காட்டியதும் எல்லாரும் எழும்பினார்கள்.

பொழுதுபட முதல், யன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் மூன்றாவது தரம் பார்த்தேன். முப்பத்தைந்து. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பத்தைந்துதான். "இறங்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்டில் கிடந்த நோயாளிகளும் எழும்பிவிட்டார்கள். டொக்டர் உடனே வேகத்தைக் குறைத்தார். இனி ஒழுகிய தண்ணீர் தானே இரத்தக் குழாய்க்குத் திரும்பும், அந்த நேரத்தில் கூடக் கொடுத்தால் நெஞ்சில் தேங்கும். அந்த இரவு அவர்தான் பக்கத்தில் இருந்தார். வெளிச்சம் இல்லாமல் என்னால் ஒன்றும் பார்க்க ஏலாது.

விடிந்து நான் வந்தபோது முதலில் கண்டது தகப்பனைத்தான். இரண்டு கையாலும் ஒரு பேசினை ஏந்திக்கொண்டு, சிந்தாமல், முற்றத்தில் ஓடி வந்தார். நிறைந்த பேசின். "மிஸ், மூத்திரம் போயிட்டாள்! தானே கேட்டுப் போனவள்!" என்றார். ஒழுகிய தண்ணீர் இரத்தத்துக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரிய மீன் பட்ட நாளிலும் அந்த மனிதர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார். அன்று காலை இலக்கம் முப்பத்தொன்று. மூன்று போத்தலோடு முடிந்தது. நாலாவது உடைக்காமலே இருந்தது.

டொக்டர் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய, நோயின் பெயர் எழுதும் ரிக்கற்றை எடுத்தார். மலேரியா என்று தான் எழுதியதன் மேல் நேராக ஒரு கோடு கீறினார். பிறகு ரிக்கற்றையும் பேனையையும் என் பக்கம் நீட்டினார்.

"நீர் எழுதும்."

டொக்டர் மட்டும் எழுதும் இடம் அது. எழுதினேன். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. நான் வாங்கிய எந்தச் சான்றிதழும் எனக்கு அந்தக் கோணல் எழுத்துக்கு ஈடில்லை. அன்று முழுக்க நான் நிலத்தில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

பிள்ளை வீட்டுக்குப் போன பின்னேரம், சும்மா இருக்கப் பிடிக்காமல் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். "இல்லை", "இல்லை", "இல்லை" என்று மூன்று நாள் தொடர்ந்து ஒரே பெயருக்கு எழுதியவற்றைத் தேடினேன். மாரி தொடங்கிய கிழமையில் ஒன்று இருந்தது. உள்ளே காடு வெட்டித் தோட்டம் செய்த, மலையகத்திலிருந்து வந்த குடும்பம். ஆறு வயதுப் பையன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, போய் வருகிறேன் என்று சொல்ல என் யன்னலடிக்கு வந்தாள். பையன் அவள் தோளில் சாய்ந்து கிடந்தான். "கூட்டிக்கொண்டு போங்கோ, நல்லாய்ச் சாப்பிடக் குடுங்கோ" என்று சொல்லி நான் கையும் காட்டினேன். இரண்டு நாள் கழித்து அவன் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

அது டெங்குதானா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றும் அந்த மிசின் என் மேசையில் பூட்டித்தான் இருந்தது. அன்றும் வெளியே வாங்கில் அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர்கள், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளோடு, சும்மா இருந்தார்கள். நான்தான் ஒருவரையும் உள்ளே கூப்பிடவில்லை.

கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினேன். அவர் அந்தப் பெயரில் விரலை வைத்தார். "எனக்கும் அந்தப் பெடியன்ர முகம் ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு, "இனி நீர் இல்லை எண்டால் இல்லைதான். நீர் சொல்லாமல் நான் ஒருத்தரையும் வீட்டை விடமாட்டன்" என்றார்.

அதற்கு நாலாம் நாள், இன்னொரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையோடு வாட்டு வாசலுக்கு வந்தாள். மூன்று தரமும் நான் இல்லை என்று எழுதிய பிள்ளை. நான் வாசலுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"காச்சல் விட்டிட்டுது அக்கா" என்றாள். "வழியை விடுங்கோ."

"காச்சல் விட்டபடியால்தான் விடமாட்டன்" என்றேன். அவள் முறைத்தாள். முறைக்கட்டும். நான் அவளுக்கு மேலால் வாங்கைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "இந்தப் பிள்ளையின்ர ஆக்கள் ஆர் வந்திருக்கிறியள்? எழும்பிக் கை கழுவிப்போட்டு வாங்கோ."